சோலோவைத் தொட்டதும் மண்டபம் முழுக்க மிருதங்கம்!

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் ஒரு தமிழ் அமைப்பில் தொண்டூழியராக இருக்கிறேன். வேறு ஆள் இல்லை என்று பொங்கல் விழாவுக்கு மிக்ஸர் பக்கம் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். வாடகைக்கு வந்த டிஜிட்டல் மிக்ஸர். பாடகி பாடிக்கொண்டிருக்கும்போது, மிருதங்கம் சரியாக வருகிறதா என்று ஹெட்ஃபோனில் கேட்க அதன் சோலோ பொத்தானை அழுத்தினேன். பாட்டு நின்று, மண்டபம் முழுக்க மிருதங்கம் மட்டும் கேட்டது. பதறிப்போய் மறுபடி அழுத்தினேன், சரியாகிவிட்டது. "இந்த மாடல் அப்படித்தான், தனி மானிட்டர் சிஸ்டம் எடுக்க வேண்டும், கூடுதலாக 480 வெள்ளி" என்கிறார் வாடகைக்குக் கொடுத்தவர். அடுத்த நிகழ்ச்சிக்கு எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். உங்கள் மிக்ஸருக்கு ஒன்றுமில்லை. மண்டப ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைத் தப்பான துளையில் செருகியிருக்கிறார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான்.

மிக்ஸரின் பின்னால் இரண்டு ஜோடித் துளைகள் அக்கம்பக்கத்தில் இருக்கும். ஒன்று மெயின், சபைக்குப் போக வேண்டியது. இன்னொன்று மானிட்டர், மிக்ஸர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக ஒரு சிறு ஸ்பீக்கர் வைத்துக்கொள்ள. ஹெட்ஃபோனில் என்ன ஓடுகிறதோ அதேதான் மானிட்டர் துளையிலும் ஓடும். எந்தச் சோலோவும் அழுத்தாத வரை இரண்டிலும் எல்லா ஒலியும் கலந்த முழு மிக்ஸ்தான். அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு சோலோவைத் தொட்டதும் மானிட்டர் பக்கம் அந்த ஒரு சேனலுக்கு, அதாவது அந்த ஒரு மைக்கின் ஒலிக்கு, மாறிவிடும். அப்படி மாறுவதுதான் அதன் வேலை. மண்டபத்தையே அந்தத் துளையில் மாட்டிவிட்டால் 300 பேரும் உங்கள் ஹெட்ஃபோனுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சோதித்துப் பார்க்கப் படிப்பு எதுவும் வேண்டாம். கூட்டம் வருவதற்கு முன் கைப்பேசியிலிருந்து ஒரு பாட்டை ஓடவிடுங்கள். மிக்ஸரில் ஹெட்ஃபோனுக்கு ஒரு குமிழ், மானிட்டருக்கு ஒரு குமிழ் இருக்கும். மானிட்டர் குமிழை மெல்லக் குறையுங்கள். மண்டபத்தில் சத்தம் குறைந்தால் ஒயர் தப்பான இடத்தில் இருக்கிறது. முதலில் ஸ்பீக்கர்களை அணைத்து, மெயின் ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் நகரும் கட்டை) அடிவரை இறக்கிவிட்டு, இரண்டு ஒயர்களையும் மெயினுக்கு மாற்றுங்கள். பெஹ்ரிங்கரின் எக்ஸ்32 மிக்ஸர் என்றால் வழக்கமாக 15, 16 எண் போட்ட துளைகள். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு ஃபேடரை மெல்ல ஏற்றுங்கள். ஐந்து நிமிட வேலை.

குமிழைத் திருகியும் மண்டபத்தில் மாற்றமில்லை என்றால் இன்னொரு காரணம் உண்டு. சில மிக்ஸர்களில் சோலோவுக்கே இரண்டு குணம். யமஹாவின் சிஎல், கியூஎல் வகையில் 'கியூ' என்றால் உங்கள் காதுக்கு மட்டும். 'சோலோ' முறைக்கு மாற்றி வைத்திருந்தால், நீங்கள் தொட்டதைத் தவிர மற்றதெல்லாம் மண்டபத்திலேயே மௌனமாகிவிடும். ஒத்திகையில் ஒவ்வொரு மைக்காகப் பார்க்க இது வசதி. முடிந்ததும் மாற்றாமல் போய்விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். திரையில் மானிட்டர் பக்கத்தைத் திறந்து 'கியூ' என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி அந்த 480 வெள்ளி. இந்தத் தொழிலில் பல ஆண்டுகளாக நான் பார்க்கிற கதை இது. அமைப்பு ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளரிடம் சொல்கிறது. அவர் இன்னொருவரிடம் சொல்கிறார். அந்த இன்னொருவர் மூன்றாமவரின் பெட்டியை வாடகைக்கு எடுக்கிறார். கடைசியில் உங்கள் மேடைக்கு வருவது லாரி ஓட்டி வந்த தம்பி. பாவம், அவனுக்கு இறக்கவும் ஏற்றவும்தான் சம்பளம். ஆனால் பில்லில் 'ஒலிப் பொறியாளர்' என்று ஒரு வரி இருக்கும். அவன் ஒயரை மாட்டி, சத்தம் வந்ததும் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவான். தப்பாக மாட்டியதற்கும் சேர்த்து அடுத்த முறை உங்களிடமே காசு கேட்பார்கள்.

இதற்கு நம் செயற்குழுக்களும் உடந்தை. மூன்று கொட்டேஷன் வாங்கு, குறைந்ததை எடு என்று ஒரு சடங்கு. ஒருமுறை என்னிடம் காட்டப்பட்ட மூன்று கொட்டேஷன்களிலும் ஒரே எழுத்துப்பிழை ஒரே வரியில் இருந்தது. முகவரிகள் மட்டும் வேறு வேறு. செயலாளரிடம் சொன்னேன். "ஃபைலில் மூன்று இருக்கிறது சார், அது போதும்" என்றார். என்ன செய்ய!

ஆகவே கொட்டேஷனில் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். மிக்ஸர் எந்த மாடல்? நிகழ்ச்சி முடியும் வரை அதன் அருகில் இருக்கப்போகிறவர் யார்? "எங்கள் டீம்" என்று பதில் வந்தால் யாரும் இருக்கப்போவதில்லை.

சரி, ஒயரை மாற்றியாயிற்று. இனிப் பயமில்லாமல் சோலோவைத் தொடலாம். சேனல்களுக்குச் சோலோவைப் பிஎஃப்எல் என்ற நிலையிலேயே வையுங்கள். அதாவது ஃபேடருக்கு முன்னால் இருக்கும் ஒலி உங்கள் காதுக்கு வரும். ஃபேடர் அடியில் கிடந்தாலும், மியூட் போட்டிருந்தாலும் கேட்கும். மிருதங்கக்காரர் இரண்டு பாட்டுக்கு நடுவே சுருதி சேர்க்கும்போது சபைக்கு மியூட், உங்களுக்கு மட்டும் சோலோ. மைக்கில் உயிர் இருக்கிறதா என்பது மேடைக்கு ஓடாமலே தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் 'கிளியர் சோலோ'வை அழுத்துங்கள். இல்லையென்றால் அடுத்த அரைமணி நேரம் மிருதங்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, வயலின் காணோமே என்று அதன் கெயினை (உள்ளே வரும் ஒலியின் அளவை) ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் பிஎஃப்எல் உங்களை ஏமாற்றும். பாடகியின் முன் தரையில் சாய்ந்து கிடக்கும் ஸ்பீக்கருக்குப் போகும் மிக்ஸ் அது. "எனக்கு என் குரலே கேட்கவில்லை" என்று அவர் சைகை காட்டுவார். நீங்கள் அந்த மிக்ஸின் சோலோவை அழுத்துவீர்கள். பிஎஃப்எல்லில் இருந்தால் குரல் கணீரென்று கேட்கும். "நன்றாகத்தானே இருக்கிறது" என்று கட்டைவிரலைக் காட்டுவீர்கள். ஆனால் அந்த மிக்ஸின் மாஸ்டர் ஃபேடர் அடியில் இருக்கும், அல்லது யாரோ மியூட் போட்டிருப்பார்கள். நீங்கள் கேட்டது ஃபேடருக்கு முன்னால் உள்ளது. அவருக்குப் போவது பின்னால் உள்ளது. அதனால் இந்த மிக்ஸ்களுக்கு மட்டும் சோலோவை ஏஎஃப்எல் ஆக்கிவிடுங்கள், அதாவது ஃபேடருக்குப் பின்னால் இருக்கும் ஒலி. அப்போது ஃபேடர் இறங்கியிருந்தால் உங்களுக்கும் கேட்காது, உடனே பிடித்துவிடலாம். எக்ஸ்32இல் சேனலுக்கு ஒன்று, மிக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியாகவே வைக்கலாம். ஏஎஃப்எல்லிலும் குரல் நன்றாகவே கேட்டு, அவர் இன்னும் தலையாட்டினால் கோளாறு மிக்ஸருக்கு வெளியே. தரை ஸ்பீக்கரின் மின்சாரம் போயிருக்கலாம், ஒயரை யாரோ மிதித்திருக்கலாம். அங்கே ஹெட்ஃபோன் உதவாது, எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

ஹெட்ஃபோன் சத்தத்தையும் அடக்கி வையுங்கள். மண்டபத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று குமிழ் ஏறிக்கொண்டே போகும். சிங்கப்பூர் வேலையிட விதிகளில் இரைச்சலுக்கான வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான்.

இன்னொரு தலைவலியும் உங்களுக்கு வரலாம். சில மண்டபங்களில் மிக்ஸர் அங்கேயே இருக்கும், ஆனால் திரை பூட்டியிருக்கும். கடவுச்சொல் தெரிந்த ஒரே அலுவலர் சனிக்கிழமை விடுப்பில் இருப்பார். நாலு மணி நேரத்துக்கு மண்டபத்தை வாடகைக்கு விடுவார்கள். தோரணம் கட்டுவது, மைக் வைப்பது, ஒத்திகை எல்லாம் அதற்குள்ளேயே. இதில் மானிட்டர் பக்கத்தைத் திறக்க யாரிடம் கெஞ்சுவது? பதிவு செய்யும் அன்றே கடவுச்சொல்லைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகைக்காரர் மறுபடி அந்த 480 வெள்ளியைப் பற்றிப் பேசினால் வாதாட வேண்டாம். போன முறை ஒயர் மாட்டியிருந்த மிக்ஸரின் பின்பக்கப் படம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.