பிள்ளைகள் கேட்கும் கன்சோல் அம்மாவுக்கும் போதுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 8, 11 வயதில் இரண்டு பிள்ளைகள். மரியோ கார்ட் விளையாட நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கேட்கிறார்கள். நான் பல வருடங்களாகக் கணினியில் சண்டை கேம்களும் துப்பாக்கி கேம்களும் விளையாடுகிறவள். கணினி பழசாகிவிட்டது, இரண்டு மெஷின் வாங்கக் கட்டுப்படியாகாது. குடும்பத்துக்கென்று செய்த கன்சோல் எனக்குத் தாங்குமா?

பதில்: தாங்கும், கூடவே ஒரு கன்ட்ரோலரும் இணையத்தை வயர் வழியாகத் தரும் ஒரு லேன் கேபிளும் வாங்கினால். முதலில் ஒன்று: நீங்கள் ஆடும் துப்பாக்கி கேம் வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் என்றால் இதை நம்பிக் கணினியை விற்றுவிடாதீர்கள். இரண்டும் இதில் கிடையாது.

சண்டை கேம்களுக்குக் கவலை வேண்டாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 நேருக்கு நேர் மோதலில் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது. கணினியில் ஆடுபவர்களோடும் மோதலாம். சிக்கல் கையில் இருக்கிறது. பெட்டியோடு வரும் ஜாய்-கான் என்ற சின்ன கன்ட்ரோலர்களில், இடது கைக்கானதில் திசைக்கு நான்கு தனித்தனிப் பட்டன்கள். ஹடோக்கன் என்ற நெருப்புப் பந்து வீச்சுக்குக் கட்டைவிரல் கீழிருந்து முன்பக்கம் வழுக்கிப் போக வேண்டும். தனிப் பட்டன்களில் இடையிலுள்ள மூலைத் திசை அடிக்கடி விட்டுப்போகும், வெறும் குத்துதான் விழும். சிலுவை வடிவத் திசைப் பட்டன் உள்ள ப்ரோ கன்ட்ரோலர் அவசியம். பழைய ஸ்விட்சின் ப்ரோ கன்ட்ரோலர் கைவசம் இருந்தால் அதுவே போதும். தூங்கும் கன்சோலை எழுப்ப மட்டும் அதால் முடியாது.

வைஃபையில் ஆடாதீர்கள். கன்சோலை டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கிலேயே லேன் துளை இருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் எதிராளிக்கு உங்கள் இணைப்பு வைஃபையா வயரா என்று தெரியும்; வைஃபை என்றால் பலர் மோதலையே ஏற்பதில்லை.

துப்பாக்கி கேம்களுக்கு ஜாய்-கானைப் பக்கவாட்டில் படுக்கவைத்து மவுஸாக உருட்டலாம். மெட்ராய்டு பிரைம் 4 இப்படி ஆடலாம். டிவியில் 1080பி, 120 பிரேம் வரை போகும். ஆனால் ஜாய்-கான் ஒல்லி என்பதால் நெடுநேரம் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும்.

நொடிக்கு 120 முறை படம் மாற்றும் 120 ஹெர்ட்ஸ் டிவி இல்லாவிட்டால் இந்த லாபம் குறையும். சைபர்பங்க் 2077-இன் வேக மோடு 40 பிரேம். 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 பிரேம் சமமாகப் பங்கு போகாது, ஒரு படம் ஒரு துடிப்பும் அடுத்தது இரண்டு துடிப்பும் நிற்பதால் காட்சி தத்தித் தத்தி நகரும். அப்படிப்பட்ட டிவியில் 30 பிரேம் தர மோடே கண்ணுக்குச் சுகம். டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட மறக்காதீர்கள். பழைய ஸ்விட்சின் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகாமல் பெட்டியில் வந்ததையே பயன்படுத்துங்கள்.

சேமிப்பிடம் 256 ஜிபி. கூடுதலுக்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும். சாதாரண மைக்ரோஎஸ்டியில் கேம் சேமிக்க முடியாது. கடையில் கேம்-கீ கார்டு என்று போட்டிருந்தால் உள்ளே கேம் இல்லை, சாவி மட்டும்தான். முழுவதையும் இறக்கிக்கொள்ள வேண்டும்.

பழைய ஜாய்-கான்களின் பெரிய நோய், கை படாமலே கேமிலுள்ள கதாபாத்திரம் ஒரு பக்கம் நகர்வது. விரலால் சாய்க்கும் ஸ்டிக்கின் அடியிலுள்ள கார்பன் தடம் தேய்வதுதான் முக்கியக் காரணம். காந்த உணரி உள்ள ஸ்டிக்கில் இந்தத் தேய்மானம் இருக்காது. ஸ்விட்ச் 2-இல் காந்த உணரி இல்லை. நகர்வு தெரிந்தால் சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டிக்கை அளவுதிருத்தம் செய்து பாருங்கள். சில நாளில் திரும்ப வந்தால் தேய்மானம் என்று அர்த்தம். உத்தரவாதக் காலத்தில் நீங்களே திறக்காதீர்கள். உங்கள் ப்ரோ கன்ட்ரோலரைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள் என்றும் கண்டிப்பாகச் சொல்வேன்.

பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியில் நேர வரம்பு கன்சோல் முழுவதற்கும் ஒன்றுதான், ஆளுக்கு ஆள் கிடையாது. நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துவிட்டு நீங்கள் மதியம் ஆடினால், மாலையில் பிள்ளைகளுக்கு மிச்சமிருக்காது. நீங்கள் உட்காரும்போது பின் (PIN) எண்ணைப் போட்டுக் கட்டுப்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ஆடுங்கள். அந்த எண் பிள்ளைகள் யூகிக்கக்கூடிய பிறந்த தேதியாக இருக்க வேண்டாம்.