பதில்: லண்டனில் பர்ஸ் தொலைந்ததாகப் பேராசிரியரின் மெயில்

பணம் அனுப்பாதீர்கள். பர்ஸ் தொலைந்தது, ஓட்டல் பில் கட்ட 900 பவுண்டு அவசரம் என்று வெளியூரிலிருந்து வரும் இந்தக் கதை ரொம்பப் பழைய மோசடி. பெரும்பாலும் உங்கள் பேராசிரியரின் பாஸ்வேர்டு யாரிடமோ சிக்கியிருக்கும். அவரது முகவரிப் பட்டியலில் உள்ள மற்றவர்களுக்கும் இதே மெயில் போயிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அவரைக் கூப்பிடுங்கள். "போனும் போய்விட்டது, மெயிலிலேயே பேசலாம்" என்று எழுதியிருக்கிறார்களே, நீங்கள் கூப்பிடக் கூடாது என்பதற்காகத்தான் அது. அவர் எடுக்காவிட்டால் வீட்டாரிடம் கேளுங்கள்.

அப்புறம், ரிப்ளையை அழுத்தி, அனுப்பாமல், பெறுநர் இடத்தில் வரும் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஆனால் முகவரி சரியாக இருப்பதாலேயே நம்பிவிட வேண்டாம், மோசடிக்காரர் அவருடைய மெயில் கணக்குக்குள் புகுந்தே எழுதலாம்.

ஏற்கெனவே பணம் போட்டாயிற்று என்றால் உடனே வங்கிக்கும், சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கும் சொல்லுங்கள்.