18 லட்சம் டெபாசிட்டுக்கு 30 லட்சம் வரியா? – வருமான வரி கேள்வி பதில் (2024)

கேள்வி: திண்டுக்கல்லில் சிறிய மளிகைக்கடை வைத்திருக்கிறேன். 2018-19ல் கடை வசூலை அவ்வப்போது சேவிங்ஸ் கணக்கில் ரொக்கமாகப் போட்டுவந்தேன். மொத்தம் 18 லட்சம். வரிக் கணக்கு தாக்கல் செய்யவில்லை. நோட்டீஸ் எதுவும் என் கண்ணில் படவில்லை. 2024 மார்ச் 20 அன்று ஆர்டர் வந்தது. வரியும் வட்டியுமாக 30.18 லட்சம் கட்ட வேண்டுமாம். கடையை விற்றாலும் அவ்வளவு தேறாது. தவணையில் கட்டலாமா?

பதில்: தவணைப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். தொகையை நீங்களே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும். அது உங்கள் கடன்தானா என்பதை முதலில் பார்ப்போம்.

நீங்கள் பதில் தராததால், 1961 வருமான வரிச் சட்டத்தின் 144-வது பிரிவின் கீழ் அதிகாரி தன் கையில் இருந்த தகவலை வைத்தே ஆர்டர் போட்டிருக்கிறார். 18 லட்சத்தையும் 'விளக்கம் இல்லாத பணம்' (பிரிவு 69ஏ) என்று எடுத்துக்கொண்டிருப்பார். அதற்கு 115பிபிஇ-ன்படி வரி 60%, அதன்மேல் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்ந்து 78%. ஆக வரி மட்டும் 14.04 லட்சம். மீதி 16 லட்சமும் வட்டி: முன்கூட்டி வரி கட்டாததற்கு 234பி-யில் 60 மாதம், ரிட்டர்ன் போடாததற்கு 234ஏ-யில் 55 மாதம், இரண்டுக்கும் மாதம் 1%.

ஆனால் கடை வசூல் வேறு, வருமானம் வேறு. சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவின்படி ரொக்க விற்பனையில் 8% லாபம் என்று கணக்கிட்டால் உங்கள் வருமானம் 1.44 லட்சம்தான். அந்த ஆண்டின் வரியில்லா வரம்பு 2.5 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் வரியே வராது. டெபாசிட் எல்லாம் வியாபாரப் பணம் என்று காட்ட முடிந்தால் இந்த வாதத்தைத் தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் ஏற்றிருக்கின்றன.

காட்டுவதுதான் வேலை. விற்பனை 20 லட்சத்துக்குள் என்பதால் ஜிஎஸ்டி பதிவு இருந்திருக்காது. எனவே வேறு தாள்களைத் தேடுங்கள். நகராட்சி உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, தராசு முத்திரைச் சான்று, வணிகக் கட்டண மின் ரசீது, மொத்த வியாபாரிகளின் பில்கள், அவர்கள் பேரேட்டில் உங்கள் பக்கத்தின் நகல். எல்லாவற்றையும்விட வலுவானது பாஸ்புக்தான். இரண்டு நாளுக்கொரு முறை எட்டாயிரம், பத்தாயிரம் உள்ளே வந்து, வார இறுதியில் மண்டிக்குப் போயிருந்தால் அது கடைக் கணக்கு என்று பார்த்தவுடனே தெரியும்.

அடுத்து அப்பீல். ஆர்டரோடு வந்த, பணம் கட்டச் சொல்லும் 156 நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், அதாவது ஏப்ரல் 19-க்குள், அப்பீலுக்கான படிவம் 35-ஐ வருமான வரி போர்ட்டலில் தாக்கல் செய்யுங்கள். கட்டணம் 1,000 ரூபாய். இதில் பலர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ரிட்டர்ன் போடாதவர், தான் கட்டியிருக்க வேண்டிய முன்கூட்டிய வரிக்குச் சமமான தொகையைக் கட்டியிருந்தால்தான் அப்பீல் ஏற்கப்படும் என்கிறது 249(4). உங்கள் கணக்குப்படி அது பூஜ்யம். அதை எழுதி, தேவைப்பட்டால் விலக்கு தரும்படியும் கேளுங்கள். காலியாக விட்டால் விஷயத்துக்குள் போகாமலே அப்பீல் தள்ளுபடியாகலாம். இரண்டாவது, அதிகாரியிடம் காட்டாத ஆதாரத்தை அப்பீலில் முதன்முறையாகக் காட்டுவதற்கு விதி 46ஏ-யின் கீழ் தனி மனு வேண்டும்.

அப்பீல் போட்டதும் வசூல் தானாக நிற்காது. வசூலை நிறுத்திவைக்கக் கேட்கும் ஸ்டே மனு தனி. ஆர்டர் முகமறியா மையத்திலிருந்து (நேரில் சந்திக்காமல் ஆன்லைனிலேயே மதிப்பிடும் மையம்) வந்திருந்தாலும், இந்த மனு உங்கள் பான் எந்த வார்டில் இருக்கிறதோ அந்த அதிகாரிக்குப் போக வேண்டும். மெயில் வந்த இடத்துக்கே பதில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், 30 நாள் கழிந்து வங்கிக் கணக்கு முடங்கிய பிறகுதான் தவறு தெரியும். 2017 ஜூலை 31 சுற்றறிக்கைப்படி, வழக்கமாக 20% கட்டினால் ஸ்டே கிடைக்கும். உங்களுக்கு அதுவே ஆறு லட்சம். அதைவிடக் குறைவாகவும் நிர்ணயிக்க அதிகாரம் உண்டு என்று எல்ஜி எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, அப்பீல் ஒப்புகையையும் ஆறு மாத பாஸ்புக் நகலையும் இணையுங்கள். போர்ட்டலில் 'அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' பக்கத்தில் 'டிஸ்அக்ரீ' (ஏற்கவில்லை) என்றும் பதிவு செய்யுங்கள்.

விளக்கம் இல்லாத பணத்துக்காக 271ஏஏசி-யில் 1.08 லட்சம் அபராதத்துக்குத் தனி நோட்டீஸ் வரும். அப்பீல் முடியும்வரை நிறுத்திவைக்கும்படி பதில் போடுங்கள்; சும்மா விடாதீர்கள். போர்ட்டலில் இருக்கும் மெயில் முகவரி யாருடையது என்றும் பாருங்கள். பான் எடுத்துக்கொடுத்த பிரவுசிங் சென்டர்காரருடையதாக இருந்தால் ஆச்சரியமில்லை.

கேள்வி: சம்பளக்காரன். மனை விற்ற லாபத்தைக் கணக்கில் காட்டவில்லை. மார்ச் 22 அன்று ஆர்டர் வந்தது: வரி 4 லட்சம், வட்டியோடு 5.9 லட்சம். தவறு என்னுடையதுதான். தவணை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். 220(3)-ன் கீழ் 30 நாளுக்குள் அதிகாரியிடம் கேளுங்கள். ஆனால் பாக்கிக்கு மாதம் 1% வட்டி ஓடும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு 270ஏ-யில் வரியில் பாதி, அதாவது 2 லட்சம், அபராதம் வரலாம். அப்பீல் போடாமல், நோட்டீஸ் சொன்ன கெடுவுக்குள், ஏப்ரல் 21-க்குள், முழுத் தொகையும் கட்டி, ஏப்ரல் 30-க்குள் விலக்கு கேட்கும் படிவம் 68 கொடுத்தால் 270ஏஏ-யின்படி அந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. தவணைக்குப் போனால் இந்த வாய்ப்பு கைநழுவும். வீட்டில் நகை இருந்தால் அடகு வைத்துக் கட்டுவதே லாபம்: நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் வருடத்துக்கு 71,000 ரூபாய்தான். ஒன்று மட்டும் பாருங்கள்: அபராத நோட்டீஸில் 'தவறான தகவல்' என்று குற்றம்சாட்டியிருந்தால் விலக்கு இல்லை, அபராதமும் 200%.

கட்டும்போது டிமாண்ட் எண்ணைத் தேர்ந்தெடுத்து, 400 (அதிகாரி மதிப்பிட்ட வரி) என்ற தலைப்பில் கட்டுங்கள். 300-ல் (சுய மதிப்பீட்டு வரி) கட்டிவிட்டால் பணம் துறைக்குப் போயிருக்கும், பாக்கி அப்படியே நிற்கும்.

கேள்வி: இறந்துபோன அப்பாவின் பெயரில் 2011-12 மதிப்பீட்டு ஆண்டுக்கு 9,400 ரூபாய் பாக்கி காட்டுகிறது. நான் கட்ட வேண்டுமா?

பதில்: வாரிசின் பொறுப்பு, அப்பா விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே (பிரிவு 159). உங்களுக்கு அதுவும் தேவைப்படாது. 2024 பிப்ரவரி 13 உத்தரவின்படி, 2011-12 முதல் 2015-16 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளில் பதிவுக்குத் தலா 10,000 ரூபாய் வரையிலான பழைய பாக்கிகள் ரத்து செய்யப்பட்டன. ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் வரை. சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவு செய்து அப்பாவின் கணக்கில் நுழைந்தால், 'எக்ஸ்டிங்விஷ்ட்' (ரத்தானது) என்று குறித்திருக்கிறதா என்று பார்க்கலாம்.