நூல் நீலமா, கறுப்பா?

கேள்வி: நான் ஒரு நாடகக் குழுவில் இருக்கிறேன். யாருக்கும் இது தொழில் அல்ல. வேலை முடிந்து வந்து மாலையில் ஒத்திகை பார்ப்பவர்கள். இந்த முறை பாட்டும் ஆட்டமும் நிறைந்த இசை நாடகம். செட், உடை இரண்டுக்கும் நான் பொறுப்பு. நடிகர்கள் 18 பேர், உடைகள் 54. இதுவரை 31 முடிந்துவிட்டன. கோரஸ் பாடும் 8 பேருக்கு லைனிங் வைத்த கருநீலக் கோட்டு. 2 தைத்தாயிற்று, 6 வெட்டி வைத்திருக்கிறோம். அவர்கள் வருவது மாலைநேரத் தெருக் காட்சி, ஆம்பர் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) விளக்கு, பின்னால் கறுப்புப் படுதா. தெரு, வீடு, மாடி என மூன்று இடங்களுக்கு 12 தட்டிகள் செய்தோம். மாற்ற இரண்டரை நிமிடம் ஆகிறது. இடையில் வரும் இசையோ 40 விநாடிதான். இதில் இயக்குநர் இன்னொரு காட்சி சேர்க்கப் போகிறாராம். ஹால் முழுக்கத் துணி மூட்டை என்று தம்பி முணுமுணுக்கிறான். நல்லவேளை, அம்மா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து தைத்துத் தருகிறார். 67 வயதில் அவருக்கும் பொழுது போகிறது. நூல்கண்டு நீலமா கறுப்பா என்று பத்து தடவை கேட்பதுதான் எரிச்சல். அரங்கேற்றத்துக்கு 5 வாரம் இருக்கிறது. என் வடிவமைப்பில் எதையும் விட்டுக்கொடுக்காமல் முடிப்பது எப்படி? இயக்குநரிடம் எப்படிப் பேசுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இயக்குநர் கிடக்கட்டும். அந்த நூல்கண்டுக்கு வருவோம்.

கருநீலத்தையும் கறுப்பையும் ராத்திரி விளக்கில் பிரித்துப் பார்ப்பது இருபது வயதுக் கண்ணுக்கே சிரமம். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளடிக்கும், நீல ஒளி உள்ளே போவது குறையும். உங்கள் அம்மா மறந்துபோய்த் திரும்பத் திரும்பக் கேட்கவில்லை. அவருக்கு நிறம் தெரியவில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் மகளின் வேலை நின்றுவிடுமே என்று கேள்வியாகக் கேட்கிறார். பத்து தடவை கேட்டும் உங்களுக்கு எரிச்சல்தான் வந்தது. கண் டாக்டரிடம் கூட்டிப்போகத் தோன்றவில்லை. பொழுதுபோக்குக்காக யாரும் ராத்திரி பத்து மணிக்கு லைனிங் கோட்டுக்குக் கை பொருத்த மாட்டார்கள். நாளைக்கே நேரம் வாங்கிக் கண்ணைக் காட்டுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நாடகம், ஆண்டு விழா, கண்காட்சி என்று பெயர்தான் மாறுகிறது. இப்படி வருகிற கடிதங்களில் எல்லாம், யாரோ ஒருவர் மேடையில் பெயர் வாங்க, அந்த வீட்டில் ஒரு வயதானவர் விழித்திருக்கிறார். பெற்றவர்கள் மறுக்க மாட்டார்கள். அதனால்தான் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்று யோசிக்கிற பொறுப்பு பிள்ளைகளிடம் வருகிறது. 18 பேருக்கு டேப் பிடித்து அளவெடுத்த நீங்கள், அம்மா எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று கணக்கெடுக்கவில்லை. தம்பி முணுமுணுக்கிறான் என்று குறை வேறு. அந்த வீட்டில் கண்ணைத் திறந்து வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான்.

இப்போது கணக்கைப் போடுங்கள். காலர், கை, பை, லைனிங் எல்லாம் வைத்த கோட்டு வெட்டிய துணியிலிருந்து முடிய, வீட்டில் தைப்பவருக்கு 10 மணி நேரம் பிடிக்கும். 6 கோட்டுக்கு 60. மீதி 17 உடை, ஒன்றுக்கு 4 மணி நேரம் என்று உத்தேசமாக வைத்தால் 68. ஆக 128. அம்மா ஒருநாள்கூட விடாமல் 35 ராத்திரியும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் 105தான் வரும். பாக்கி 23 மணி நேரத்தை யார் தலையில் கட்டுவதாக இருந்தீர்கள்? கடைசி வாரத்தில் பிடிப்பதும் பிரிப்பதுமாக வரும் திருத்த வேலை இதில் சேரவே இல்லை. எத்தனை மணி நேரத் தையல் என்று எழுதாத உடைப் படம் ஆசைப் பட்டியல்தான், வடிவமைப்பு ஆகாது.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. அந்த 60 மணி நேரமும் மேடையில் தெரியப் போவதில்லை. ஆம்பர் ஒளியில் நீலம் மிகக் குறைவு. கருநீலத் துணி திருப்பி அனுப்ப அதில் எதுவும் இல்லாததால் கிட்டத்தட்டக் கறுப்பாகவே நிற்கும். பின்னால் கறுப்புப் படுதா. எட்டுப் பேரும் உடம்பில்லாத முகங்களாக மிதப்பார்கள். ஐந்தாவது வரிசையில் இருப்பவருக்குக் கோட்டே தெரியாதபோது, தையல் நூல் நீலமா கறுப்பா என்பது யாருக்குத் தெரியும்? நம்பிக்கை இல்லையென்றால் ஒரு முழத் துணியைப் படுதாவில் குத்திவிட்டு, விளக்கைப் போட்டு, அரங்கின் பின்கோடியில் போய் நின்று பாருங்கள். இந்தச் சோதனையைத் துணி வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

ஆகவே கோட்டை விடுங்கள். வெட்டிய ஆறையும் மடித்து வையுங்கள். கோரஸுக்கு வெளிர் சாம்பல் நிறத்தில், லைனிங் இல்லாத, கையில்லாத மேல்சட்டை போதும். வெளிர் சாம்பல் எந்த விளக்கு விழுந்தாலும் அந்த நிறத்தை வாங்கிக்கொள்ளும். வெள்ளையைப் போலக் கண்ணை அடிக்காது. ஒன்றுக்கு 2 மணி நேரம், 8 பேருக்கு 16. உள்ளே அவரவர் வெள்ளைச் சட்டை. பளீரென்று அடித்தால் பருத்திச் சட்டைகளைத் தேயிலைச் சாயத்தில் ஒருமுறை முக்கி எடுங்கள்; பாலியஸ்டரில் பிடிக்காது. தைத்து முடித்த 2 கோட்டும் வீட்டுக் காட்சியில் வெளிர் சுவருக்கு முன்னால் நன்றாகவே எடுபடும்.

அடுத்து அந்த 17. ஒரு தாளில் இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர், மேலே காட்சிகள். யார் எப்போது உள்ளே போகிறார், எத்தனை நிமிடத்தில் திரும்பி வருகிறார் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதுங்கள். முழு உடையும் மாற வேண்டிய இடம் நீங்கள் நினைத்ததில் பாதிதான் இருக்கும். ஒரே அடிப்படை உடை. அதன்மேல் சால்வை, ஏப்ரன், கழற்றி மாட்டும் காலர், பெல்ட், தொப்பி. பார்வையாளர்கள் ஆளை அடையாளம் காண்பது தோளுக்கு மேலேயும் மொத்த வடிவத்திலும்தான். இப்படிச் செய்தால் 17 உடை 9 ஆகும். 36 மணி நேரம். மேல்சட்டையோடு சேர்த்தால் 52. (தொப்பி விளிம்பு மட்டும் அகலமாக வேண்டாம். மேலிருந்து வரும் விளக்கில் முகம் முழுக்க நிழல் விழும்.)

ஒரு நிமிடத்துக்குள் மாற வேண்டிய கட்டங்களைச் சிவப்பால் சுற்றுங்கள். அங்கே பொத்தான் வேலைக்கு ஆகாது. மேலே பொய்ப் பொத்தான்களைத் தைத்து, அடியில் பெரிய பிரஸ் பட்டன் வையுங்கள். வெல்க்ரோ சீக்கிரம் கழலும் என்று ஆசைப்படாதீர்கள். மெல்லிய இசையில் அது கிழிபடும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும், லேஸில் மாட்டினால் லேஸையும் பிய்க்கும். மாற்றிவிட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடை, ஒருவர் செருப்பு. அரை இருட்டில் பத்து தடவை பழகட்டும். பகல் வெளிச்சத்தில் 30 விநாடி ஆன மாற்றம் மேடை ஓரத்து இருட்டில் 50 ஆகும்.

பாடுகிறவர்களுக்கு மார்பளவை மூச்சை முழுக்க இழுத்துப் பிடித்த நிலையில் எடுங்கள். சும்மா நிற்கும்போது எடுத்த அளவு, நீண்ட ஸ்வரத்தில் முதுகுத் தையலைப் பிரித்துவிடும். ஆடுகிறவர்களுக்கு அக்குளில் 4 அங்குலச் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்தால், கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே ஏறாது. பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விடுங்கள். வட்டப் பாவாடையைக் கீழே மடித்துத் தைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட வேண்டும். இழை சாய்வாக வரும் இடங்கள் இறங்கும். இறங்கிய பிறகு சமப்படுத்தி மடிக்காவிட்டால் அரங்கேற்றத்தன்று ஓரம் அலையலையாக நிற்கும், படியில் காலும் தட்டும். உடம்பில் மாட்டும் மைக்கின் பெட்டிக்கு எலாஸ்டிக் பட்டையில் தைத்த சிறு பை, இடுப்புக்குப் பின்னால், மேல்சட்டைக்குள். யாரையாவது இடுப்பைப் பிடித்துத் தூக்கும் நடனம் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். வேர்வை இறங்கினால் மைக் கெடும். நீர் புகாத உறை போடாமல் வைக்காதீர்கள்.

செட்டுக்கு வருகிறேன். காட்சிக்கு நான்கு தட்டி, மூன்று காட்சிக்கு 12 தட்டி. தூக்கு, நிறுத்து, முட்டுக்கொடு. 40 விநாடியில் இது நடக்காது, எத்தனை ஆளைப் போட்டாலும் ஒருவர் காலில் ஒருவர் மிதிப்பதுதான் நடக்கும். மூன்று பக்கத் தூண் செய்யுங்கள். பண்டைய கிரேக்க அரங்கத்திலேயே இருந்த உத்தி. மூன்று தட்டிகளை முக்கோணமாக நிமிர்த்திப் பூட்டினால் ஒரு பக்கம் தெரு, ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் மாடி. உங்களிடம் உள்ள 12 தட்டியில் நான்கு தூண் வரும், ரீப்பர் கட்டையோ துணியோ புதிதாக வாங்க வேண்டாம். அடியில் முக்கோணப் பிளைவுட் பலகை, மூலைக்கு ஒன்றாகச் சுழலும் சக்கரம். தட்டி 8 அடி உயரம், 4 அடி அகலம் என்றால் தூண் நெட்டையும் ஒல்லியும்தான். உள்ளே அடிப்பலகைமேல் 20 கிலோ மணல் மூட்டையைக் கட்டாமல் உருட்டவே கூடாது. திசையைத் திருப்பும்போது சுழல் சக்கரம் ஒருமுறை திரும்பிக்கொண்டு தூணை வெட்டி இழுக்கும். அதனால் தூணுக்கு இரண்டு பேர், கையை நெஞ்சு உயரத்துக்கு மேலே வைக்காமல் தள்ள வேண்டும். நின்ற இடத்தில் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் நம்பாமல் மர ஆப்பை அடியில் செருகுங்கள். தரையில் ஒவ்வொரு மூலைக்கும் டேப் குறி, காட்சிக்கு ஒரு நிறம். பெயின்ட் பளபளப்பில்லாததாக இருக்கட்டும். முடித்ததும் முதல் வரிசையின் இரண்டு கோடி நாற்காலிகளிலும் உட்கார்ந்து பாருங்கள். தூண் இடைவெளியில் உடை மாற்றுகிறவர் தெரிந்தால் ஓரப் படுதாவை ஓர் அடி உள்ளே இழுக்க வேண்டும்.

இந்த 52 மணி நேரத்தை யார் தைப்பது? உங்கள் வீட்டில் யாரும் இல்லை. சனிக்கிழமை தோறும் ஒத்திகைக் கூடத்தில், நான்கு பேர், நான்கு மணி நேரம். இரண்டு பேர் மெஷினில், இரண்டு பேர் கைத்தையலுக்கும் இஸ்திரிக்கும். வாரம் 16, நான்கு வாரத்தில் 64. திருத்தத்துக்கு 12 மணி நேரம் மிஞ்சும், கடைசி வாரம் கை சும்மா இருக்கும். 18 நடிகர்களில் பொத்தான் தைக்கக் கற்றுக்கொள்ளக் கூடாத அளவுக்குப் பெரிய நட்சத்திரம் யாரும் இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். துணி மூட்டைகளை இந்த வாரமே கூடத்துக்கு மாற்றுங்கள். தம்பி தூக்கித் தருவான், கேட்டுப் பாருங்கள்.

இயக்குநரிடம் பேச வேறு வித்தை வேண்டாம். புதிய காட்சியில் நாலு பேருக்கு மாற்றுடை என்றால் 16 மணி நேரம், அதாவது முழுசாக ஒரு சனிக்கிழமை. தாளைக் காட்டி, எந்தச் சனிக்கிழமை வேலையை எடுத்துவிடலாம் என்று அவரையே கேளுங்கள். இதுவரை அவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்ட முடிந்தது உங்கள் அம்மாவின் தூக்கத்தை எடுத்துக் கொடுத்ததால்தான். அது உங்களுடையதல்ல, எடுத்துக் கொடுக்க.

அம்மா தானாகவே, 'சும்மா இருக்க முடியலை, ஏதாவது கொடு' என்பார். கொடுங்கள். பகலில், ஜன்னல் ஓரத்தில், வெளிர் சாம்பல் துணியில் வெள்ளை நூலால் ஓட்டுத் தையல், ஒரு மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம்.

நிகழ்ச்சி மலர் இன்னும் அச்சுக்குப் போயிருக்காது. 31 உடை தைத்தவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 'உடை: வடிவமைப்பும் தயாரிப்பும்' என்று ஒரே வரியில் உங்கள் பெயரை மட்டும் போட்டிருந்தால், தையலுக்குத் தனி வரி சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இடமில்லை என்றால் உங்கள் புகைப்படத்தைச் சின்னதாக்கலாம்.