ஷெல்ஃப் பின் ஓட்டை போடும்போது மைக்கா ஓரம் பெயர்கிறது, தட்டும் ஆடுகிறது. என்ன செய்யலாம்?

18 மி.மீ. ப்ளைவுட்டில் நீங்களே கப்போர்டு செய்கிறீர்கள், உள்பக்கம் மைக்கா ஒட்டியாயிற்று, தட்டை மேலே கீழே மாற்றிக்கொள்ள ஓட்டை போட்டால் ஓரம் பெயர்கிறது, தட்டைத் தாங்கும் சிறு முளைகளான நாலு பின்னில் மூன்றில்தான் தட்டு உட்காருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு. ஆட்டம் அளவால் வருவது. பெயர்வது பிட்டாலும் (டிரில்லில் மாட்டும், துளை போடும் கம்பி) கைப்பழக்கத்தாலும் வருவது.

ஆட்டத்துக்கு என் பதில்: அளக்காதீர்கள். டேப் பிடித்து நாலு வரிசையையும் (இரு பக்கப் பலகையிலும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று) தனித்தனியாகக் குறித்தால் எவ்வளவு நிதானமான ஆளுக்கும் எங்காவது ஒரு மில்லிமீட்டர் தப்பும், தட்டு தடதடக்க அது போதும். ஒரே ஒரு ஜிக், அதாவது ஓட்டை போட்ட வழிகாட்டிப் பட்டை, செய்து, அதை வைத்தே நாலு வரிசையும் போடுங்கள். ஜிக்கில் இடைவெளி கொஞ்சம் முன்பின் இருந்தாலும் கவலையில்லை. அதே பிசகு நாலு வரிசையிலும் அப்படியே இறங்கும், தட்டு மட்டமாகத்தான் நிற்கும். ஆனால் ஜிக்கின் ஒரு முனையில் ‘கீழ்’ என்று பெரிதாக எழுதி, அந்த முனையை எப்போதும் பலகையின் கீழ் விளிம்போடுதான் சேர்க்க வேண்டும். ஒரு பலகைக்குக் கீழிருந்தும் இன்னொன்றுக்கு மேலிருந்தும் வைத்தால் ஜிக் செய்ததே வீண்.

ஜிக்குக்கு 12 மி.மீ. ப்ளைவுட் பட்டை போதும். அகலம் 74 மி.மீ. நடுக்கோட்டில் 32 மி.மீ.க்கு ஒன்றாக 5 மி.மீ. ஓட்டைகள். 32, 5 இரண்டும் ஐரோப்பிய கேபினெட் முறையின் அளவுகள். முன் விளிம்பிலிருந்து முதல் வரிசைக்கு அவர்கள் வைப்பது 37 மி.மீ. அதன் இரட்டிப்புதான் இந்த 74. ஜிக்கின் ஒரு ஓரத்தைப் பலகையின் முன் விளிம்போடு சேர்த்தால் முன் வரிசை, மறு ஓரத்தைப் பின் விளிம்போடு சேர்த்தால் பின் வரிசை. இடது பலகை, வலது பலகை எதற்கும் ஜிக்கைப் புரட்டிப் போட வேண்டியதில்லை. புரட்டினால் ஜிக் ஓட்டையில் உள்ள சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். அந்தச் சாய்வே இல்லாமலிருக்க, ஜிக் ஓட்டைகளை மட்டும் பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்து, நிற்கிற டிரில்லிங் மெஷினில் போட்டு வாங்குங்கள். நாலைந்து கப்போர்டு செய்வதென்றால் அலுமினியப் பட்டையில் செய்வது நல்லது, ப்ளைவுட் ஓட்டை சீக்கிரம் தளர்ந்துவிடும்.

இனி மைக்கா. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் சுவரில் ஓட்டை போடும் டிரில். அதில் சுத்தியல் படம் போட்ட பக்கம் சுவிட்ச் இருந்தால் முதலில் மாற்றுங்கள். அடுத்தது பிட். இரும்புக்கான பிட்டின் கூம்பு முனை மைக்கா மேல் வழுக்கும், பிறகு ஓரத்தை நெம்பிக்கொண்டு இறங்கும். நடுவில் முள்ளும் இரு ஓரத்திலும் சிறு வெட்டும் உள்ள மரப் பிட்டைக் கேட்டு வாங்குங்கள். அது முதலில் வட்டமாகக் கீறிவிட்டுத்தான் உள்ளே குடையும். மைக்கா எந்தப் பிட்டையும் சீக்கிரம் மழுக்கிவிடும், ஓரம் பிசிறடிக்கத் தொடங்கினால் பிட்டை மாற்றுங்கள்.

ஜிக்கை இரண்டு கிளாம்ப் போட்டு மைக்காவோடு இறுக்குங்கள். ஓரத்தை அழுத்திப் பிடித்துப் பெயராமல் காப்பதும் அதுதான். பிட் மைக்காவைத் தொடும் முன்பே முழு வேகத்தில் சுற்ற வேண்டும், மெதுவாக இறக்கி, சுற்றிக்கொண்டிருக்கும்போதே வெளியே எடுக்க வேண்டும். இறங்கியபின் சாய்த்து ஆட்டினால் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும்.

ஆழம் 11 மி.மீ. போதும். பிட்டில் டேப் சுற்றுவதை நான் நம்புவதில்லை, சூட்டில் நழுவும். ஒரு மரத்துண்டில் ஓட்டை போட்டுப் பிட்டில் மாட்டி, 23 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி அறுத்துவிடுங்கள் (ஜிக் 12, பலகை 11). எவ்வளவு அழுத்தினாலும் மறுபக்கம் பொத்துக்கொண்டு வராது.

பின்னை முதலில் வாங்கி, வெர்னியரில் (நுணுக்கமாகக் கனம் அளக்கும் கருவி) அளந்து, அதற்கேற்ற பிட் வாங்குங்கள். அமெரிக்கக் காணொளிகளில் கால் அங்குலப் பின்னைத்தான் அதிகம் காட்டுகிறார்கள், அது 6.35 மி.மீ., 5 மி.மீ. ஓட்டையில் நுழையாது. மைக்கா ஒட்டிய கழிவுத் துண்டில் ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள். விரலால் அழுத்தினால் பின் இறங்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் தானாக விழக் கூடாது.

மேலிருந்து கீழ்வரை வரிசை முழுக்க ஓட்டை போடாதீர்கள், சல்லடை மாதிரி இருக்கும். தட்டு வரும் இடத்தைச் சுற்றி நாலைந்து போதும்.

இதையெல்லாம் பலகை தனியாக மேஜையில் கிடக்கும்போதே முடித்துவிடுவது உத்தமம். உங்கள் கப்போர்டு ஏற்கெனவே கூட்டி நிற்கிறதென்றால், ஜிக்கின் ‘கீழ்’ முனையை உள்ளே அடிப்பலகை மேல் நிறுத்தி அதே முறையில் போடலாம். உள் அகலம் குறைவாக இருந்து டிரில் நேராக நுழையாவிட்டால், வளைந்த தலை டிரில்லை வாடகைக்கு எடுங்கள், சாய்த்துப் போட்டுச் சமாளிக்க வேண்டாம்.