புறநகரில் நடந்தே புழங்கும் ஊர் மையம் சாத்தியமா? திருவொற்றியூரிலிருந்து ஒரு பதில்

"சென்னைப் புறநகரில் பால் வாங்கக்கூட பைக் எடுக்க வேண்டியிருக்கிறது, பக்கத்துத் தெரு ஆட்களையே தெரியவில்லை, நடந்தே போய்வருகிற ஊர் மையம் ஒன்றைப் புதிதாக உருவாக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் வடசென்னையில் பல இடங்களில் அதைப் புதிதாகக் கட்ட வேண்டியதே இல்லை. நான் திருவொற்றியூர்க்காரன். 2011-ல் மாநகராட்சியோடு சேரும்வரை எங்களுடையது தனி நகராட்சி. தேரடியில் நின்றால் வடிவுடையம்மன் கோயில், மாட வீதிகள், பூக்கடை, மளிகை, டிபன் கடை எல்லாம் கூப்பிடு தூரம்தான். 2021 பிப்ரவரியில் மெட்ரோவும் வந்தது, இப்போது தேரடி பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் ஜனங்கள் அரை கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ ஏறுகிறார்கள்.

காரணம் ஊரின் அமைப்பில் இருக்கிறது. மேற்கே ரயில் பாதை, நடுவில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை, கிழக்கே கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச்சாலை, அதைத் தாண்டினால் கடல். எல்லாமே தெற்கு வடக்காக ஊரை நீளவாக்கில் வெட்டிக்கொண்டு போகின்றன. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கோயிலுக்கு வர வேண்டுமென்றாலும் சரி, கோயில் பக்கத்தில் இருப்பவர் கடலோரம் இருக்கும் பட்டினத்தார் சமாதிக்குப் போக வேண்டுமென்றாலும் சரி, இதில் ஒன்றையாவது கடந்தாக வேண்டும். மழை பெய்தால் தண்டவாளத்துக்கு அடியில் போகும் சப்வேயில் தண்ணீர். லாரிச் சாலையை ஒரு பாட்டி கடப்பதைப் பார்த்தால் வயிறு கலங்கும். அதனால் பெஞ்ச், அலங்கார விளக்கு எல்லாம் அப்புறம்; முதலில் குறுக்கே கடக்கும் வழிகளைச் சரிசெய்ய வேண்டும், சப்வேயில் மழைநீர் வடிய வேண்டும், நெடுஞ்சாலையில் பாதசாரிக்கு என்று தனியாக சிக்னல் நேரம் வேண்டும்.

அடுத்தது நடைபாதை. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், ரோட்டிலிருந்து நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. எங்கள் தெருக்களில் நடைபாதை ஆரம்பித்த கொஞ்ச தூரத்தில் டிரான்ஸ்பார்மர், அப்புறம் கடைப்படி, அப்புறம் பைக் வரிசை. என் அம்மாவுக்கு மூட்டு வலி. ஏறி இறங்க முடியாமல் ரோட்டிலேயே நடக்கிறார். ஒரே சீராகப் போகாத நடைபாதை எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை.

இதைச் சொன்னதும் பலர் தள்ளுவண்டிக்காரர்களை விரட்டச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடித்து மெட்ரோவிலிருந்து இறங்கி வரும் பெண் பயமில்லாமல் நடப்பது, பூக்கார அக்காவும் இட்லிக் கடை அம்மாவும் அங்கே உட்கார்ந்திருப்பதால்தான். "என்னம்மா, இன்னிக்கு லேட்டா?" என்று கேட்க ஆள் இருக்கிற தெருவில்தான் அக்கம்பக்கம் பழக்கமாகும், நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயத்துக்கும் இதுவே வழி. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு இடம் ஒதுக்கி, நடக்கிற வழியைக் காலியாக வைத்தால் போதும்.

2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் வந்ததே, அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. இங்கே உப்புக்காற்று, பூவரசு, புங்கை, புன்னை மாதிரி அதைத் தாங்கும் மரங்களை இப்போதே நட வேண்டும். நிழல் இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் யாரும் நடக்க மாட்டார்கள்.

பார்க்கிங் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. அதனால் தெருவை வண்டிகளுக்கு நிரந்தரமாக மூடச் சொல்லவில்லை. பௌர்ணமிக்கு எப்படியும் கூட்டம் அலைமோதும், அந்தச் சாயங்காலங்களில் மட்டும் மாட வீதிகளுக்குள் வண்டிகளை விடாமல் வைத்துப் பார்க்கலாம், கல்லாவில் என்ன வித்தியாசம் என்று கடைக்காரர்களே பார்க்கட்டும்.

மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்துவிட்டது, போக்குவரத்து பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் இருக்கிறது. உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் (அந்தப் பகுதி மக்கள் குறைகளைச் சொல்லும் கூட்டம்) நடக்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். மொத்த ஊரையும் கேட்காமல் ஒரே ஒரு தெருவை, ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகும் தெருவை, எடுத்துக்கொள்ளுங்கள். எங்கெங்கே நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறதோ அங்கெல்லாம் போட்டோ எடுத்து, அந்தத் தெருக் கடைக்காரர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போய் மனுவாகக் கொடுங்கள்.