வாலாட்டி நீந்தும் பொம்மை மீனுக்கெல்லாம் காப்புரிமையா? "யாருக்கும் தோன்றக்கூடியதுதானே" என்று வழக்கில் தள்ளிவிட முடியாதா?

மொத்த மீனையும் காட்டி "இதில் என்ன புதுசு?" என்று கேட்டால், ஒன்றுமில்லைதான். ஆனால் வழக்கில் மொத்த மீனை யார் பார்க்கிறார்கள்? காப்புரிமை ஆவணத்தின் கடைசியில், இன்னதுதான் என் கண்டுபிடிப்பு என்று வரையறுக்கும் உரிமைக்கோரல்களைத்தான் வரிவரியாகப் பிய்ப்பார்கள். இதே வேலையில் இருப்பதால் நானும் முதலில் அங்கேதான் போவேன்.

பொம்மை மீனில் பெரிய தலைவலி தண்ணீர். மோட்டாரை வைத்து வாலை ஆட்டினால் அதன் தண்டு உடம்பைத் துளைத்து வெளியே வரவேண்டும். அந்த இடத்து ரப்பர் சீல் தேய்ந்துவிட்டால் உள்ளே தண்ணீர் ஏறி, மீன் மூழ்கிவிடும். இதற்கு ஒரு மாற்று, மூடிய உடம்புக்குள் கம்பிச்சுருள், வாலில் காந்தம். மின்னோட்டத்தின் திசை மாற மாறக் காந்தம் இடமும் வலமுமாகப் போகும், கூடவே வாலும். துளையே வேண்டாம்.

சரி, காந்தமும் சுருளும் பழசு, பொம்மை மீனும் பழசு. இரண்டையும் சேர்த்து எதிர்பார்த்த பலன்தான் கிடைத்தது என்றால், அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை தேறுவது கஷ்டம். கார் பெடலில் சென்சார் பொருத்தியது பற்றிய கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில், 2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. துறையில் சாதாரணத் திறமை உள்ளவர் ஒன்றும் ஜடம் இல்லை, அவருக்கும் சொந்தமாக யோசிக்கத் தெரியும் என்பது அதன் பார்வை. பத்து நாள்கூட ஆகவில்லை, ஒரு பொம்மைக்கே அடி விழுந்தது. எழுத்தை அழுத்தினால் அதன் ஒலியைச் சொல்லும் கல்விப் பொம்மைக்காக ஃபிஷர்-பிரைஸ் மீது லீப்ஃபிராக் போட்ட வழக்கு அது. இசைத்தட்டை வைத்து ஏறக்குறைய இதையே செய்த பழைய காப்புரிமை ஒன்று இருந்தது. அதில் எலக்ட்ரானிக்ஸைப் புகுத்துவது அன்றைக்கு வழக்கமான காரியம்தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நன்றாக விற்றது என்ற வாதமும் எடுபடவில்லை.

மீன்காரருக்கு வழியே இல்லையா என்றால், உண்டு. பலர் முயன்று தோற்றதற்கு ஆதாரம் இருந்தால் அதைக் கணக்கில் எடுக்கலாம் என்று அதே உச்ச நீதிமன்றத்தின் 1966 கிரஹாம் எதிர் ஜான் டீர் தீர்ப்பிலேயே இருக்கிறது. "இவ்வளவு சின்னக் காந்தத்தின் விசை தண்ணீரில் வாலைத் தள்ளப் போதாது" என்று பழைய ஆவணம் எதுவும் எழுதிவைத்திருந்தால் அது தங்கம்.

எதிர்த்தரப்பில் நான் இருந்தால் பொம்மைகளோடு நிற்கமாட்டேன். தூண்டிலில் கட்டும் செயற்கை மீன்களுக்கு வாங்கிய பழைய காப்புரிமைகளையும் ஒன்றுவிடாமல் புரட்டுவேன்.